மலையூரில் உலோகவியல் நூல்களைக் காப்பது: படத்தாள், மடிப்பு வரைபடம், ஈரம்

ஒரு நாவல் நனைந்தால் தாள் சுருங்கும், ஓரம் பழுக்கும். ஆனாலும் காயவைத்து வாசித்துவிடலாம். எலக்ட்ரான் நுண்ணோக்கி பற்றிய நூல் நனைந்து, அப்படியே மேசைமேல் காய்ந்துவிட்டால், நடுவிலுள்ள படத்தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாகிவிடும். இழுத்துப் பிரித்தால் இந்தப் பக்கத்துப் படம் அந்தப் பக்கத்தில் உரிந்து நிற்கும். எழுத்து முழுதும் மிஞ்சியிருக்கும், நூல் போயிருக்கும். இந்த வகை நூலில் எழுத்தே படத்துக்கான விளக்கம்தானே.

உதகை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் இத்தகைய நூல்களை வைத்திருப்பவர்களுக்கும், சமவெளியிலிருந்து வாங்கி மேலே கொண்டுவருபவர்களுக்கும் இந்தக் குறிப்பு. உலோகப் பிரித்தெடுப்பு நூலில் உயிர் இருப்பது பின்னட்டைப் பையில் மடித்து வைத்த வரைபடத்தில். உயர்வெப்ப வேதியியலில் அட்டவணைகளில். நுண்ணோக்கி நூலில் படத்தாளில். காப்பாற்ற வேண்டிய வரிசை இது: முதலில் படத்தாள், அடுத்து மடிப்பு வரைபடம், பிறகுதான் மற்றதெல்லாம்.

எந்தத் தாள் ஒட்டும், எது ஒட்டாது

நுண்ணோக்கிப் படத்தில் சாம்பல் நிறத்தின் சின்னச் சின்ன வேறுபாடுகூடப் பொருள் உள்ளது. அதை அச்சில் கொண்டுவர வழவழப்பான பரப்பு வேண்டும். அதனால் தாளின்மேல் சீனக்களிமண்ணையோ கால்சியம் கார்பனேட்டையோ கேசின் (பால்புரதம்), ஸ்டார்ச் போன்ற பசையில் குழைத்துப் பூசி, உருளையில் அழுத்தி மெருகேற்றுகிறார்கள். இதுதான் ஆர்ட் பேப்பர். தண்ணீர் பட்டதும் அந்தப் பசை இளகுகிறது. காயும்போது எதிர்ப்பக்கத்தின் பூச்சோடு சேர்ந்து ஒரே படலமாக இறுகுகிறது. உலைமூசைக்குப் பயன்படும் வெள்ளைக் களிமண்தான் இங்கே தாளைக் கல்லாக்குகிறது.

அடையாளம் காண்பது எளிது. புத்தகத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்; பூச்சுத் தாள் ஈரமான சாலைபோல் மினுங்கும். கையில் எடை அதிகம் தெரியும். மங்கலான பூச்சு உள்ள தாள்களும் உண்டு, அவை மினுங்காது. சந்தேகம் வந்தால் வெள்ளிக் கொலுசின் ஓரத்தாலோ பழைய வெள்ளி நாணயத்தாலோ வெற்று ஓரத்தின் உள்மூலையில் மிளகளவுக்கு உரசுங்கள். பூசிய தாளில் சாம்பல் கோடு விழும். பூசாத தாளில் விழாது. கோடு அழியாது என்பதால் ஒரு நூலுக்கு ஓரிடம் போதும்.

1960கள், 1970களின் நூல்களில் பெரும்பாலும் எழுத்து சாதாரணத் தாளிலும், படங்கள் நடுவில் தனிக் கட்டாக ஆர்ட் பேப்பரிலும் இருக்கும். பின்னால் வந்தவற்றில் நூல் முழுதுமே பூச்சுத் தாளாக இருக்கலாம். இரண்டாம் வகைதான் அதிக ஆபத்து. உங்கள் அலமாரியில் எவை எவை என்று இன்றே பிரித்து, முதுகுப்பக்கம் ஒரு சிவப்புக் கயிறு கட்டி வையுங்கள். தண்ணீர் ஒழுகும் இரவில் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

ஈரத்தை முதலில் அளக்க வேண்டும்

கைக்கு ஈரம் தெரிவதற்குள் தாள் குடித்து முடித்திருக்கும். ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானி வாங்குங்கள். விலை குறைந்ததே போதும், ஆனால் சோதித்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல்போல் ஆகும்வரை சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்து தண்ணீராக நிற்கக் கூடாது. மூடியையும் மானியையும் ஒரு ஜிப் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி, 12 மணி நேரம் அறையில் வையுங்கள். உப்பின் நிறைகரைசல் தன்மேல் உள்ள காற்றை 75 சதவீத ஈரப்பதத்தில் நிறுத்தும். 10 டிகிரியிலும் 25 டிகிரியிலும் அந்த எண் ஏறக்குறைய மாறுவதில்லை. மானி 79 காட்டினால் அது 4 கூடுதலாகக் காட்டுகிறது என்று பின்புறம் எழுதி ஒட்டுங்கள்.

இலக்கு 45 முதல் 55 சதவீதம். மலையில் மழைக்காலத்தில் அது கிடைக்காது. 60க்குக் கீழே நிறுத்தினாலே வெற்றி. 65க்கு மேல் வாரக்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். தை, மாசியில் நேர்மாறு: நண்பகல் காற்று நன்றாகக் காய்ந்துவிடும், 35க்குக் கீழே போனால் பழைய முதுகுப் பசை வெடிக்கத் தொடங்கும்.

மழைக்காலம் எல்லா ஊருக்கும் ஒன்றல்ல. கூடலூர், பந்தலூர், உதகைக்கு ஆனி ஆடித் தென்மேற்குச் சாரல்தான் கெடுதி. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழை. அலமாரியை எந்தச் சுவரில் வைப்பது என்பதை இதை வைத்தே முடிவு செய்யுங்கள். உதகையில் மேற்குச் சுவர் வேண்டாம். குன்னூரில் கிழக்கு, வடகிழக்குச் சுவர் வேண்டாம். எங்கானாலும் வெளிச்சுவரைவிட இரண்டு அறைக்கு நடுச்சுவர் மேல்.

அலமாரி

சுவருக்கும் அலமாரிக்கும் 8 சென்டிமீட்டர் இடைவெளி. அடித்தட்டு தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில். தகரக் கூரை வீடானால் தகரத்தின் அடிப்பக்கம் விடியற்காலையில் வியர்த்துச் சொட்டும். மேல்தட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைச் சாய்வாகக் கட்டி, வழியும் நீர் பின்பக்கம் விழாமல் முன்பக்கம் விழும்படி செய்யுங்கள். பின்பக்கம் விழுந்தால் மாதக்கணக்கில் தெரியாது.

இரும்பு பீரோ எலிக்கும் கரையானுக்கும் நல்லது, ஈரத்துக்குக் கெட்டது. தகடு இரவில் சட்டென்று குளிரும். உள்ளிருக்கும் காற்றின் ஈரம் முதலில் பின்தகட்டில்தான் படியும். பீரோதான் உண்டு என்றால் நூல்களைப் பின்தகட்டில் முட்டவிடாமல் ஒரு மரச்சட்டம் வைத்து 4 சென்டிமீட்டர் முன்னுக்கு நிறுத்துங்கள்.

காற்றைச் சூடாக்கினால் ஈரப்பதம் இறங்கும். 14 டிகிரியில் 85 சதவீதமாக இருக்கும் காற்றை 19 டிகிரிக்கு ஏற்றினால் 62 சதவீதமாகிறது; நீர் குறையவில்லை, காற்றின் கொள்ளளவுதான் கூடியது. கேமரா லென்ஸ் வைக்கும் பெட்டியில் 'ஜீரோ வாட்' பல்ப் எரியவிடுவது இதற்காகத்தான். பழைய இழை பல்ப் பெயருக்குத்தான் ஜீரோ, உண்மையில் சுமார் 15 வாட் எடுக்கும். இப்போது கடையில் அதே பெயரில் கிடைக்கும் எல்.இ.டி. பல்ப் அரை வாட்தான். அதில் சூடு வராது.

எவ்வளவு பெட்டிக்கு எவ்வளவு வாட் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 3 அடி அகலம், ஒன்றரை அடி உயரம், ஓர் அடி ஆழம் உள்ள, 18 மில்லிமீட்டர் பிளைவுட் பெட்டியில் 15 வாட் சுமார் 3 டிகிரி ஏற்றும், 25 வாட் சுமார் 5 டிகிரி. அதே 15 வாட்டை ஆளுயர இரும்பு பீரோவில் வைத்தால் அரை டிகிரிகூடத் தேறுவது கஷ்டம். பரப்பு நான்கு மடங்கு, தகடோ சூட்டை உடனே வெளியே விட்டுவிடும். அதனால் படத்தாள் நூல்களுக்கு மட்டும் சின்ன மரப்பெட்டி ஒன்று செய்துகொள்வதே சரி. பல்ப் அடியில், கம்பி வலைக் கூண்டுக்குள், எந்தத் தாளிலிருந்தும் 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அடியிலும் மேலும் ஒரு விரல் அகலப் பிளவு விடுங்கள். இல்லையென்றால் சூட்டில் தாள் வெளியிடும் நீராவி போக வழியின்றி உள்ளேயே சுற்றும்.

அறை முழுதையும் உலர்த்த ஈரமுறிஞ்சும் எந்திரம் வாங்குவதானால் கம்ப்ரசர் வகை வேண்டாம். அறை 15 டிகிரிக்குக் கீழே போனால் அதன் சுருளில் பனி கட்டி, வேலை நின்றுவிடும். உறிஞ்சு சக்கரம் சுழலும் வகை குளிரிலும் ஓடும்.

சிலிகா ஜெல் எவ்வளவு?

பொட்டலம் போட்டால் போதும் என்ற நம்பிக்கையைக் கணக்குப் போட்டே விட வேண்டும். 80 சதவீத ஈரப்பதத்தில் தாள் தன் எடையில் சுமார் 10 சதவீதம் நீர் வைத்திருக்கும். 50 சதவீதத்தில் சுமார் 6. ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் 20 கிலோ நூல் இருந்தால் வெளியேற வேண்டிய நீர் 800 கிராம். சிலிகா ஜெல் 50 சதவீத ஈரப்பதத்தில் தன் எடையில் கால்பங்கு நீரைப் பிடிக்கும். ஆக 3 கிலோவுக்கு மேல் ஜெல் வேண்டும். 200 கிராம் பொட்டலம் 50 கிராம் நீரை எடுத்துவிட்டு ஓய்ந்துவிடும்.

சரியான முறை: தை, மாசியில் நண்பகல் 11 மணி முதல் 3 மணி வரை, நிழலில், நூல்களை நிற்கவைத்து விசிறிபோல் விரித்து, நான்கைந்து நாள் காற்றாடவிடுங்கள். மானி 50ஐத் தொட்ட நண்பகலில் பெட்டியில் அடுக்கி, 300 கிராம் ஜெல் வைத்து, மூடியின் விளிம்பில் டேப் ஒட்டி மூடுங்கள். அப்போது ஜெல்லின் வேலை கசிந்து வரும் ஈரத்தை எடுப்பது மட்டும். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் மின்சார ஓவனில் வைத்து மீட்கலாம். நீல ஜெல்லில் நச்சுள்ள கோபால்ட் குளோரைடு உண்டு. வீட்டுக்கு ஆரஞ்சே நல்லது.

நீலகிரித் தைலம் தெளிப்பது இங்கே பழக்கம். வாசனை பூஞ்சண நெடியை மறைக்கும், பூஞ்சணத்தை நிறுத்தாது. தாளில் பட்டால் எண்ணெய்க் கறை, அச்சு மையும் இளகும். அந்துருண்டையும் பூஞ்சணத்துக்கு மருந்தல்ல. ஈர வேப்பிலை கூடவே கூடாது. வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து வைப்பதில் கெடுதல் இல்லை, பூச்சி ஓரளவு விலகும். கணப்புக்குப் பக்கத்திலும் கரிச்சட்டிக்குப் பக்கத்திலும் நூலைக் காய வைக்காதீர்கள்: ஒரு பக்கம் மட்டும் காய்ந்து அட்டை வளையும், மூடிய அறையில் கரிச்சட்டி மனித உயிருக்கே ஆபத்து.

வாங்கும்போதும் ஏற்றி இறக்கும்போதும்

பழைய நூலை வாங்குமுன் பின்னட்டைப் பையைத் திறந்து பாருங்கள். வரைபடம் இல்லாத பிரித்தெடுப்பு நூலுக்குப் பாதி விலைகூட அதிகம். படத்தாள் பட்டியல் இருந்தால் எண்ணிச் சரிபாருங்கள். பிறகு படத்தாள் கட்டை மட்டும் கட்டைவிரலால் மெதுவாக ஓடவிடுங்கள். 'டிக் டிக்' என்று சிறு ஒலியோடு தாள் விடுபட்டால் அது முன்பே ஈரம் பட்டு ஒட்டத் தொடங்கியது.

மலையிலிருந்து கீழே கொண்டு போவதுதான் ஆபத்தான பயணம், மேலே வருவதல்ல. 12 டிகிரியில் இருந்த நூலை மேட்டுப்பாளையத்தில் திறந்தால், குளிர்ந்த சோடா பாட்டில்போல் அட்டைமேல் நீர் பூக்கும். பாலிதீனில் காற்றுப் புகாமல் கட்டி, போய்ச் சேர்ந்தபின் 24 மணி நேரம் திறக்காமல் வையுங்கள். பூச்சுத்தாள் நூல் கனமானது. பெரிய அளவென்றால் படுக்கவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றுக்கு மேல் வேண்டாம். நிற்க வைத்தால் தாள்கட்டு தன் எடையிலேயே தொங்கி முதுகு கிழியும்.

நனைந்துவிட்டால்

கூரை ஒழுகியிருக்கலாம், குழாய் வெடித்திருக்கலாம். முதல் விதி: நனைந்த படத்தாள் நூலைக் காயவிடாதீர்கள். கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும். ஈரமாக இருக்கும்வரை தாள்கள் பிரியும், காய்ந்தால் பிரியாது. சுமார் 6 மணி நேரத்துக்குள் அடுத்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

திறக்க வேண்டாம், துடைக்க வேண்டாம், வெயிலில் வைக்க வேண்டாம். ஒவ்வொரு நூலையும் மூடியபடியே பாலிதீன் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றிக் கட்டுங்கள். ஒரே நூல் என்றால் உடனே பிரிக்கும் வேலைக்குப் போகலாம். இரண்டுக்கு மேல் என்றால் மீதியை ஃப்ரீசரில் வையுங்கள், மைனஸ் 18 டிகிரி. உறைந்துவிட்டால் மாதக்கணக்கில் காத்திருக்கலாம். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போவது வழக்கம். நிறைந்த ஃப்ரீசரைத் திறக்காமல் விட்டால் ஏறக்குறைய இரண்டு நாள் தாங்கும்.

காப்பகங்களின் பழுதுநீக்கும் கூடங்களில் வெற்றிட உறைவு உலர்த்தல் செய்வார்கள். 611 பாஸ்கலுக்குக் கீழே பனிக்கட்டி உருகாமல் நேராக ஆவியாகும். திரவ நீர் இடையில் வருவதே இல்லை, அதனால் பூச்சு இளகுவதில்லை. விலைமதிப்புள்ள நூல் என்றால் உறைந்த நிலையிலேயே அங்கே அனுப்புவதுதான் முறை.

வீட்டில் செய்வதானால் வேண்டியவை: ஓ.எச்.பி. தாள் எனப்படும் பாலியெஸ்டர் பிலிம் 10, சிலிகான் பூசிய பேக்கிங் பேப்பர் ஒரு சுருள், அச்சடிக்காத வெள்ளைக் காகிதம் ஒரு கட்டு, பழைய பருத்தித் துண்டுகள், ஒரு மேசை விசிறி. தினத்தாள் வேண்டாம்; அதன் மை ஈரத்தில் படத்தின்மேல் இறங்கும். கடையில் 'பட்டர் பேப்பர்' என்று கொடுப்பதெல்லாம் சிலிகான் பூசியதல்ல. ஒரு சொட்டுப் பசையை விட்டுக் காயவைத்துப் பாருங்கள், உரிந்து வந்தால்தான் அது வேண்டிய தாள்.

உறைந்த நூலானால் பையோடு அறையில் வைத்து உருகவிடுங்கள். நூலை மேசைமேல் படுக்கவைத்துப் படத்தாள் கட்டுக்கு வாருங்கள். முதல் தாளின்மேல் பாலியெஸ்டர் பிலிமைப் பரப்பி உள்ளங்கையால் மெல்ல நீவுங்கள். ஈரத்தாள் பிலிமோடு ஒட்டிக்கொள்ளும். பிலிமின் வெளி மூலையைப் பிடித்து, தாளோடு சேர்த்து, முதுகுப் பக்கமாகச் சுருட்டுவதுபோல் தூக்குங்கள். விரலால் தாளை நேராகப் பிடித்து இழுத்தால் பூச்சில் விரல்ரேகையோடு படம் வழிந்துவிடும். பிலிம் எடையைப் பரப்பு முழுதும் பகிர்ந்து தாங்குகிறது. எதிர்ப்பக்கத்தில் பேக்கிங் பேப்பரை வைத்து, தாளை இறக்கி, பிலிமைத் தாழ்கோணத்தில் உரியுங்கள். தடுத்தால் இழுக்காதீர்கள், அந்த மூலையில் சுத்தமான நீரை ஸ்பிரேயால் பனிபோல் தூவி, ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி முயலுங்கள். இப்படியே எல்லாத் தாளுக்கும். 30 தாள் இருந்தால் ஒரு முழுநாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

எல்லா இடையிலும் பேக்கிங் பேப்பர் வந்தபின் நூலை நிறுத்தி, விசிறிக் காற்று நேராக மேலே அடிக்காமல் பக்கவாட்டில் போகும்படி வையுங்கள். சூடான காற்று வேண்டாம். பேக்கிங் பேப்பர் ஒட்டாது, ஆனால் ஈரத்தை உறிஞ்சாது. அதனால் மூன்று மணிக்கு ஒருமுறை அதை எடுத்துத் துடைத்து வைக்க வேண்டும். படத்தாளின் ஓரத்தை விரல்நுனியால் தொட்டால் பிசுபிசுப்பு போயிருக்க வேண்டும். அதன்பின்தான் ஈரம் உறிஞ்ச வெள்ளைக் காகிதத்தை வைக்கலாம். பிசுபிசுப்பு இருக்கும்போதே சாதாரணக் காகிதத்தை வைத்தால் அது படத்தோடு நிரந்தரமாக ஒட்டிவிடும். இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். கடைசியாகப் பேக்கிங் பேப்பர், வெள்ளைக் காகிதம் இரண்டும் சேர்த்து வைத்து, மேலே பலகையும் 5 கிலோ எடையும் ஏற்றி ஒரு வாரம். காகிதத்தைத் தினமும் மாற்றுங்கள்.

முன்பே காய்ந்து ஒட்டிய கட்டை மறுபடி நனைத்துப் பிரிப்பது அரிதாகவே பலிக்கும். ஆவி காட்டுவது அதைவிட மோசம். ஓரத்தில் மட்டும் ஒட்டியிருந்தால் மழுங்கிய எலும்புக் கத்தியை நுழைத்து விடுவிக்கலாம். மற்றபடி விட்டுவிட்டு, வேறொரு பிரதியிலிருந்து படங்களை நகலெடுத்துச் சேர்ப்பதே வழி.

பூஞ்சணமும் இராமபாணமும்

வெள்ளைப் பொடி தெரிந்ததும் துடைக்காதீர்கள். ஈரப் பூஞ்சணம் தேய்த்தால் தாளுக்குள் இறங்கும். பையில் போட்டுத் தனிமைப்படுத்தி, முதலில் நூலை உலர்த்துங்கள். காய்ந்தபின் வீட்டுக்கு வெளியே, என்95 முகமூடி போட்டு, மெல்லிய தூரிகையால் உங்களை விட்டு வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். பிளீச்சிங் கரைசல், டெட்டால் எதுவும் வேண்டாம். படத்தாளில் தூரிகையைத் தவிர எதுவும் படக் கூடாது.

இராமபாணப் பூச்சிக்குப் பூச்சிலுள்ள ஸ்டார்ச்சும் கேசினும் விருந்து. மேல்தோலைச் சுரண்டிய திட்டுகள் தெரிந்தால் நூலைக் காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுதும் பையைத் திறக்காதீர்கள், மேட்டுப்பாளையத்துக்குச் சொன்ன அதே காரணம்.

மடிப்பு வரைபடம்

பின்பையில் இருப்பது பெரும்பாலும் எல்லிங்ஹாம் வரைபடம்: எந்த வெப்பநிலையில் எந்த ஆக்சைடிலிருந்து உலோகத்தைப் பிரிக்கலாம் என்று காட்டுவது. ஆக்சைடுகளின் ஆற்றல் கோடுகளை வெப்பநிலைக்கு எதிரே வரைந்து 1944இல் எல்லிங்ஹாம் வெளியிட்டது. ஓரத்தில் ஆக்சிஜன் அழுத்த அளவுகோலைச் சேர்த்து 1948இல் ரிச்சர்ட்சனும் ஜெஃப்ஸும் அதை அளவுகோல் வைத்துப் படிக்கும் கருவியாக்கினார்கள். இடப்பக்கப் புள்ளியிலிருந்து ஸ்கேலை வைத்து வலப்பக்க ஓரத்தில் படிப்பதால், தாள் கோணினால் விடையும் கோணும். 40 சென்டிமீட்டர் வரைபடத்தில் 1 சதவீதம் என்றால் 4 மில்லிமீட்டர்.

மடிப்பில் கிழிந்தால் செலோடேப் ஒட்டாதீர்கள். பசை சில ஆண்டில் பழுப்பாகி எண்களை மறைக்கும். மெல்லிய ஜப்பானியத் தாளைக் கோதுமை ஸ்டார்ச் பசையால் பின்பக்கம் ஒட்டுங்கள். பையில் திரும்ப மடிக்காமல், விரித்துப் பாலியெஸ்டர் உறையில் தட்டையாக வையுங்கள். நூலில் 'வரைபடம் இங்கே' என்று ஒரு சீட்டு.

படிப்பதற்கு நகல் எடுத்து அதையே பயன்படுத்துங்கள். நகலெடுத்ததும் கிடை அச்சையும் நிலை அச்சையும் மூலத்திலும் நகலிலும் அளந்து, இரண்டின் விகிதமும் ஒன்றா என்று பாருங்கள். தாள் ஈரத்தில் இழைக்குக் குறுக்கே அதிகமும் நெடுகே குறைவும் நீளும். ஆகவே விகிதம் மாறியிருப்பது சகஜம். இன்னொரு சோதனை: கார்பன் எரிந்து கார்பன் மோனாக்சைடாகும் கோடும் இரும்பு ஆக்சைடுக் கோடும் 720 டிகிரி செல்சியஸை ஒட்டி வெட்ட வேண்டும். உதகையில் உலை வைப்பவர் நினைவில் கொள்ள ஒன்று: வரைபடம் 1 வளிமண்டல அழுத்தத்துக்கு. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 0.77 வளிமண்டலம். உலைவாயு முழுதும் கார்பன் மோனாக்சைடு என்று வைத்துக்கொண்டால் அந்த வெட்டுப்புள்ளி சுமார் 14 டிகிரி கீழிறங்கும்.

பழைய வரைபடம் கிலோகலோரியில் இருக்கும், 4.184ஆல் பெருக்கினால் கிலோஜூல். உயர்வெப்ப நூல்களில் வெப்பநிலை அளவுகோலும் மாறியிருக்கிறது. தங்கத்தின் உறைநிலை 1948 அளவுகோலில் 1063 டிகிரி, 1968இல் 1064.43, 1990இல் 1064.18. நூலின் பதிப்பாண்டைப் பார்த்து, எந்த அளவுகோல் என்று பென்சிலால் ஒரு சீட்டில் எழுதி முன்னட்டைக்குள் வையுங்கள். பேனா வேண்டாம்; ஈரம் பட்டால் அந்த மை அடுத்த பக்கத்துக்குப் போகும்.

படத்தாளை நகலெடுக்கும்போது

ஜெராக்ஸ் சாம்பல் நிறங்களைக் கொன்றுவிடும். 600 டி.பி.ஐ., 8 பிட் சாம்பல் முறையில் ஸ்கேன் செய்யுங்கள். எழுத்து முறையில் அல்ல. படத்தின் பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் ஸ்கேலை வைத்தே ஸ்கேன் செய்ய வேண்டும். காரணம் உருப்பெருக்கம். படத்துக்கடியில் ×10,000 என்று இருந்தால் அது அந்த அச்சளவுக்கு மட்டும் உண்மை. ஏ4 பக்கத்தை ஏ5க்குச் சுருக்கினால் அது ×7,100 ஆகிவிடும், அச்சிட்ட எண்ணோ அப்படியே நிற்கும். அளவுக்கோடு உள்ள படத்தில் இந்தச் சிக்கல் இல்லை. படத்தோடு கோடும் சேர்ந்து சுருங்கும்.

பழைய நூல்களில் பெரும்பாலும் கோடு இருக்காது. விளக்கத்தை வரிவிடாமல் படியுங்கள். '×15,000, அச்சில் மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது' என்ற பொருளில் ஒரு சிறு வரி இருந்தால், உங்கள் கண்முன் இருப்பது ×10,000. அந்தப் படத்தில் 1 மைக்ரான் என்பது 10 மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர் நீளமாகத் தெரியும் கார்பைடு ஊசியின் உண்மை நீளம் 0.3 மைக்ரான், குறைப்பைக் கவனிக்காமல் 15,000ஆல் வகுத்தவருக்கு 0.2 என்று வரும். மெல்லிய வெள்ளைத் தாள்கீற்றில் 10 மில்லிமீட்டர் கோடு போட்டு '1 மைக்ரான்' என்று பென்சிலால் எழுதி, படத்தின் வெற்று ஓரத்தில் ஒட்டாமல் வைத்து, அதோடு சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். எழுதும்போது கீற்றைப் படத்தின்மேல் வைத்து எழுதாதீர்கள். பென்சில் அழுத்தம் பூச்சில் பள்ளமாகப் பதியும், சாய்வு வெளிச்சத்தில் அது ஒரு படிக எல்லைபோலவே தெரியும்.